ஒருநாள் போர்வையின் பின்பக்கத்தையும் படம் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் வார இணைப்பு கைக்கு வந்ததும் நான் முதலில் புரட்டுவது கைவேலைப் பக்கத்தைத்தான். போன வாரம் ஒட்டுத்துணிப் போர்வை, அதாவது துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைக்கும் போர்வை பற்றி வந்ததையும் படித்தேன். படங்களைக் குறை சொல்லவே முடியாது. ஆனால் பாதியில் நின்றுபோன போர்வையை மறுபடி எடுக்க மனசே வரவில்லை, என்ன செய்வது என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். அதற்கு "தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், ஆர்வம் தானாக வரும்" என்று ஒற்றை வரியில் பதில் சொல்லி முடித்துவிட்டீர்கள். அதைப் படித்த பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். தானாக வராதுங்க. எனக்குப் பதினான்கு மாதம் வரவில்லை.

நடந்தது இதுதான். ஒரு கட்டத்துக்கு மும்மூன்றாக ஒன்பது சதுரம், தைத்து முடித்தால் கட்டம் 9 அங்குலம், அகலத்துக்கு ஆறு, உயரத்துக்கு ஏழு, மொத்தம் 42 கட்டம் என்று கணக்குப் போட்டு ஆரம்பித்தேன். 28 வரை ஜோராகப் போனது. ஆசை தாங்காமல் ஆறு கட்டத்தை எடுத்து ஒரு வரிசையாக இணைத்தேன், இன்னொரு ஆறை இணைத்து அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், மூலைகள் ஒன்றோடொன்று சேரவே இல்லை. ஒரு இடத்தில் லேசாக இழுத்துச் சரிசெய்தால் அடுத்த இடம் கோணிக்கொண்டது. சரி, நாளைக்குப் பார்க்கலாம் என்று எல்லாவற்றையும் பையில் போட்டுக் கட்டி அலமாரி மேல் வைத்தேன். அந்த நாளைக்கு வருவதற்குத்தான் பதினான்கு மாதம்.

நடுவில் நான் சும்மா இருந்ததாக நினைக்காதீர்கள். புதுத் துணி வாங்கினேன். தையல் வீடியோவாகப் பார்த்துத் தள்ளினேன். நூல்கண்டுகளை நிறவாரியாக அடுக்கினேன், அதுவும் இரண்டு தடவை. தைக்கவில்லை, அவ்வளவுதான். ஆர்வம் போய்விட்டது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆர்வம் போனவளுக்கு எதற்குப் புதுத் துணி என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான், என்னிடம் பதில் இல்லை.

பையை இறக்கிய அன்றுகூடத் தைக்கிற எண்ணம் இல்லை, வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தேன். கையில் அகப்பட்டதே என்று கட்டங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியபோது கண்ணில் பட்டது. பன்னிரண்டு கட்டங்கள் மற்றவற்றைவிட நீளத்திலும் அகலத்திலும் 4 மி.மீ. சின்னவை.

இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விடுங்கள், பாதிப் போர்வைகள் நிற்பதே இந்த இடத்தில்தான் என்பது என் எண்ணம். ஒட்டுவேலையில் தையலுக்கு விடும் ஓரம் கால் அங்குலம், அதாவது 6 மி.மீ.க்குச் சற்று மேலே. துணியை அழுத்திப் பிடிக்கும் மெஷின் பாதத்தின் ஓரத்தைத் துணி விளிம்போடு ஒட்டி ஓட்டினால் கால் அங்குலம் தன்னால் வந்துவிடும் என்று நினைக்கிறோம். எல்லாப் பாதத்துக்கும் அப்படி வராது. நடுவில் பாதத்தை மாற்றிய நான் அளந்து பார்க்கவில்லை. 1 மி.மீ. கூடுதலாகப் பிடித்தால் என்ன குடியா முழுகிவிடும்? அந்த 1 மி.மீ. இரண்டு துணியிலும் போகும், ஆக ஒரு தையலுக்கு 2. ஒரு கட்டத்தின் குறுக்கே இரண்டு தையல், 4 போச்சு. அப்படியே ஒரு முழு வரிசையைத் தைத்தால் 18 சதுரத்துக்கு நடுவே 17 தையல், 34 மி.மீ., ஒன்றேகால் அங்குலத்துக்கும் மேலே காணாமல் போயிருக்கும். நான் சோம்பேறித்தனம் என்று பெயர் வைத்துத் திட்டிக்கொண்டிருந்தது இந்த 4 மி.மீ.யைத்தான்.

கை சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று பட்டை வெட்டிப் பக்கம்பக்கமாகத் தைத்து, இஸ்திரி போட்டு, நடுப்பட்டையை அளந்தால் சரியாக 1 அங்குலம் இருக்க வேண்டும். எனக்குக் குறைந்தது. ஊசியிலிருந்து கால் அங்குலம் அளந்து மெஷின் தகட்டில் ஒரு டேப் ஒட்டினேன், அதற்கப்புறம் பிசகவில்லை. தையலை மடித்துத் தேய்க்கும்போது அந்த மடிப்பே கொஞ்சம் துணியைத் தின்றுவிடும், அதனால் கால் அங்குலத்துக்கு ஓர் இழை உள்ளேயே பிடிப்பது நல்லது.

பன்னிரண்டு கட்டத்தையும் பிரித்துத் தைத்தேனா என்றால் இல்லை. அதைத் தொட்டிருந்தால் பை மறுபடி அலமாரி மேலே ஏறியிருக்கும். சின்னவை சின்னவற்றோடு சேர்ந்தால் மூலை பொருந்தத்தானே செய்யும்? போர்வையை நாலு பகுதியாகப் பிரித்தேன், மேலே 12, 12, கீழே 9, 9. சின்னவை பன்னிரண்டும் ஒரே பகுதியில் குடியேறிவிட்டன. பகுதிகளுக்கு இடையில் இரண்டு அங்குலத்துக்கு ஒற்றை நிறப் பட்டை வைக்கிறேன், அது நடுவில் இருந்தால் இந்தப் பகுதியின் மூலை அந்தப் பகுதியின் மூலைக்கு நேராக வரவில்லை என்பது கண்ணுக்குத் தெரியாது. சின்னக் கட்டப் பகுதிக்குக் குறைகிற அளவை வெளி ஓரத்தில் மெல்லிசாக ஒரு பட்டை கொடுத்து ஈடுகட்டிவிட்டேன். பார்த்தவர்கள் டிசைன் என்று நினைக்கிறார்கள், நான் திருத்தப் போவதில்லை.

பகுதி பகுதியாகத் தைப்பதில் கிடைத்த பெரிய சுகம், மெஷின் மேலே முழுப் போர்வையின் பாரம் இல்லை. பாரம் தொங்கினால் அது துணியைப் பிடித்து இழுக்கும், தையல் வளையும், நாம் நம்மைத் திட்டிக்கொள்வோம். இரண்டு வரிசையை இணைப்பதற்கு முன் ஒன்றின் தையல்களை வலப்பக்கமும் அடுத்ததன் தையல்களை இடப்பக்கமும் சாய்த்துத் தேய்த்துவிட்டால் மூலையில் அவை ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக்கொள்ளும், விரலால் தடவினாலே தெரியும். இஸ்திரிப் பெட்டியை இழுத்துத் தேய்க்காமல் வைத்து வைத்து எடுக்க வேண்டும்.

ஆரம்பித்த முதல் நாள் நான் தைக்கவே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். புது ஊசி மாட்டினேன், துணியை நகர்த்தும் மெஷின் பல்லுக்கு அடியில் அடைந்திருந்த பஞ்சுத்தூசியைத் தட்டினேன், அடிநூலுக்கு இரண்டு பாபின் சுற்றி வைத்தேன். அடுத்த நாள் பாக்கிக் கட்டங்களுக்கான சதுரங்களை ஜோடி ஜோடியாக, நூலை வெட்டாமல் ஒன்றன்பின் ஒன்றாக மெஷினுக்குள் விட்டேன், பின்னால் தோரணம் மாதிரி தொங்கியது. இருபது நிமிஷம்கூட ஆகியிருக்காது. எழுந்திருக்கும்போது அடுத்த ஜோடியைப் பாதத்துக்கு அடியில் வைத்துவிட்டு எழுந்தேன், இன்றுவரை அப்படித்தான். மறுநாள் உட்கார்ந்தால் எங்கே தொடங்குவது என்று யோசிக்க வேண்டியதில்லை, கால் தானாக மிதிக்கும். நீங்கள் சொன்ன ஒரு மணி நேரத்தை நான் ஒதுக்கியதே இல்லை.

நிறமே பிடிக்காமல் நின்றுபோன வேலையைப் பற்றி நான் பேசவில்லை, அதை யாருக்காவது கொடுத்துவிடலாம், பாவமொன்றுமில்லை.

பத்திரிகைக்கு எழுதுவதால் இதையும் சொல்லத் தோன்றுகிறது. இங்கிலாந்தில் 1718 என்று ஆண்டு தைத்த பட்டு ஒட்டுவேலை விரிப்பு ஒன்று இன்னும் பத்திரமாக இருக்கிறது. தாளை வடிவமாக வெட்டி, அதன்மேல் துணியை மடித்துக் குத்தி, ஒவ்வொன்றாகச் சேர்த்துத் தைக்கும் முறையில் செய்தது. அந்த முறையில் வேலை முடிந்ததும் தாளை உருவிவிடுவார்கள். பாதியில் விட்டவற்றில் தாள் அப்படியே உள்ளே இருக்கும், பழைய கடிதம், கணக்கு நோட்டு, செய்தித்தாள் என்று கையில் கிடைத்ததையெல்லாம் வெட்டியிருக்கிறார்கள். அவற்றைப் படித்துத்தான் பல போர்வைகள் எந்தக் காலத்தவை என்று கண்டுபிடிக்கிறார்கள். யாரோ முடிக்காமல் வைத்ததால் நமக்குத் தெரிந்த விஷயம் இது.

அதனால் கேட்கிறேன், உங்கள் பக்கத்தில் ஒரு வாரம், ஒரே ஒரு வாரம், முடியாத போர்வைகளின் படம் போடுங்கள். முன்பக்கம் வேண்டாம். தையல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எங்கே பிரித்துத் தைத்திருக்கிறது, எங்கே துணி போதாமல் ஒட்டுக்கு ஒட்டு போட்டிருக்கிறது என்று தெரிகிற பின்பக்கத்தைப் போடுங்கள். கேள்வி கேட்ட அந்த வாசகியும் தன்னுடையதை அனுப்பட்டும்.

இத்துடன் என்னுடையதை இணைத்திருக்கிறேன். மூன்று பகுதி முடிந்துவிட்டது, நாலாவதில் இரண்டு வரிசை பாக்கி. படத்தின் ஓரத்தில் மெஷின் பாதத்துக்கு அடியில் நீலமாகத் தெரிவது நாளைக்கான ஜோடி.

இப்படிக்கு,
உங்கள் வாசகி