சித்தப்பா, இங்கே 740 ஏக்கர் சும்மா கிடக்கிறது

அன்புள்ள சித்தப்பா,

பெர்லின் வந்து மூன்று வாரம் ஆகிறது. ஊர் எப்படி இருக்கிறது என்று போனில் கேட்டீர்கள், “நல்லா இருக்கு” என்று சொல்லி வைத்துவிட்டேன். உங்களிடம் சொல்லத் தக்க விஷயம் இந்தச் சனி, ஞாயிறில்தான் கிடைத்தது. முப்பது வருஷமாக மனை விற்கிற உங்களுக்குத்தான் இது சரியாக வலிக்கும்.

சனிக்கிழமை காலை வாடகைக்கு வீடு பார்க்கப் போயிருந்தேன். ஒரே அறை, நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. வரிசை மாடிப்படி முழுக்க நின்று தெருவுக்கு வந்திருந்தது. எண்ணிப் பார்த்தேன், எனக்கு முன்னால் முப்பத்தெட்டு பேர். எல்லார் கையிலும் ஃபைல்: மூன்று மாதச் சம்பளச் சீட்டு, கடன் பாக்கி இல்லாதவன் என்று காட்டும் ஷூஃபா சான்று. என்னிடம் வேலைக்கான கடிதம் மட்டும்தான் இருந்தது. வீட்டைக் காட்டிய அம்மா அதை வாங்கிப் பார்த்துச் சிரித்தார். சரி, இது ஆகாது என்று கிளம்பிவிட்டேன்.

யூ-8 ரயிலில் ஏறி, போடின்ஷ்ட்ராஸேயில் இறங்கி நடந்தேன். தெரு முடிகிற இடத்தில் கம்பிவேலி, அதில் ஒரு கேட். உள்ளே போனால் எதிரே ஒன்றுமே இல்லை. புல், வானம், இரண்டு ரன்வே, அவ்வளவுதான். டெம்பல்ஹோஃப் விமான நிலையம் 2008இல் மூடப்பட்டது. 2010 மே மாதம் கேட்டைத் திறந்து ஜனங்களை உள்ளே விட்டுவிட்டார்கள். சுமார் 300 ஹெக்டேர், உங்கள் கணக்கில் 740 ஏக்கர். புறநகரில் இல்லை சித்தப்பா, ஊருக்குள், இரண்டு பக்கமும் மெட்ரோ ஓடுகிற இடத்தில்!

நீங்கள் வந்திருந்தால் நின்ற இடத்திலேயே கண்ணால் கல் நட்டு, கலர் கொடி கட்டி, நகருக்குப் பெயரும் வைத்திருப்பீர்கள்.

1948இல் சோவியத் படைகள் மேற்கு பெர்லினுக்கு வரும் சாலை, ரயில், கால்வாய் எல்லாவற்றையும் அடைத்தபோது, மாவும் நிலக்கரியும் விமானத்தில் வந்து இறங்கியது இங்கேதான். அதே ஓடுதளத்தில் ஒரு குட்டிப்பெண் தரையில் போட்ட வெள்ளைக் கோட்டின் மேலேயே சைக்கிள் பழகிக்கொண்டிருந்தாள். அவள் அப்பா பின்னால் மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருந்தார். ஒருவன் ஸ்கேட்டிங் பலகையில் நின்றபடி பெரிய பட்டத்தைப் பிடித்துக்கொண்டு காற்றோடு பறந்தான். புல்லில் ஒரு பகுதியைத் தடுத்து வைத்திருக்கிறார்கள். தரையில் கூடு கட்டும் வானம்பாடிகள் குஞ்சு பொரிக்கும் காலமாம்.

கிழக்கு ஓரத்தில் தோட்டம். தரையில் செடி நடக் கூடாது என்பதால் எல்லாம் மரப்பெட்டிக்குள். பழைய பலகை, கதவு, உடைந்த கட்டில் என்று கிடைத்ததை ஆணி அடித்து மண் நிரப்பியிருக்கிறார்கள். ஒரு துருக்கிப் பாட்டி புதினாவைக் கிள்ளி என் உள்ளங்கையில் வைத்து, கசக்கி முகர்ந்து பார் என்று சைகை காட்டினார். பிரியாணி ஞாபகம் வந்து வயிறு கத்தியது.

இவ்வளவு பெரிய இடத்தை ஏன் விட்டுவைத்தார்கள் என்றுதானே கேட்பீர்கள்? அரசாங்கம் விடுவதாக இல்லை. ஓரங்களில் 4,700 வீடுகள் கட்டத் திட்டம் போட்டது. ஜனங்கள் கையெழுத்து வாங்கி, 2014 மே 25 அன்று வாக்கெடுப்பு வரைக்கும் கொண்டுபோனார்கள். 64 சதவீதத்துக்கு மேல் “கட்டக் கூடாது” என்று ஓட்டு போட்டார்கள். கட்டலாமா என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை.

காலையில் முப்பத்தொன்பதாவது ஆளாக வரிசையில் நின்றவன் நான். அந்த 4,700இல் ஒன்று எனக்கு வந்திருக்காதா என்று மனசு கணக்குப் போட்டது. ஆனாலும் அந்தப் புல்லில் மல்லாந்து படுத்தபோது, நல்ல வேளை கட்டவில்லை என்றும் தோன்றியது. வெட்கமாகத்தான் இருந்தது. ஒன்பது மணிக்குச் சூரியன் மறைந்து, கேட்டைப் பூட்ட ஆள் வரும்வரை எழுந்திருக்கவில்லை.

ஞாயிறு டியர்கார்டன் போனேன். பிராண்டன்பர்க் கேட்டை ஒட்டிய பெரிய பூங்கா, அடர்ந்த காடு மாதிரி. ஆனால் பெரும்பாலும் சின்ன வயசுக் காடு. போர் முடிந்து நிலக்கரி கிடைக்காத குளிர்காலங்களில் ஜனங்கள் மரங்களை விறகுக்கு வெட்டிவிட்டார்கள். இரண்டு லட்சம் மரங்களில் எழுநூறு போலத்தான் மிஞ்சின. வெட்டிய இடத்தில் உருளைக்கிழங்கு போட்டார்கள். 1949இல் மேயர் எர்ன்ஸ்ட் ராய்ட்டர் ஒரு லிண்டன் கன்றை நட்டு மறுபடி ஆரம்பித்து வைத்தார்.

சமயபுரம் பக்கம் நீங்கள் மனைப்பிரிவு போட்டபோது புளியமரங்களை வெட்டினீர்களே, சித்தி இரண்டு நாள் உங்களோடு பேசவில்லை. அதுதான் நினைவுக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை இங்கே கடையெல்லாம் மூடிவிடுவார்கள். சனிக்கிழமையே பால் வாங்க மறந்துபோனதால் கறுப்புத் தேநீர் குடித்துக்கொண்டு இதை எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை இன்னொரு வீடு பார்க்கப் போகிறேன்.

அந்த வாக்கெடுப்பில் நீங்கள் எந்தப் பக்கம் போட்டிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். சித்தியிடம் கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்