மங்கைக்கு, மடிப்பாக்கத்திலிருந்து

அன்புள்ள மங்கை,

உன் கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை என்று ராஜியிடம் புலம்பினாயாம். அவள் வழக்கம்போல ஒன்றுக்கு இரண்டாகச் சேர்த்து என்னிடம் சொல்லிவிட்டாள். அந்தச் சண்டையை நேரில் வைத்துக்கொள்வோம். இங்கே எல்லாரும் சௌக்கியம், அவருக்கு முட்டி வலி தேவலை. குமரனுக்கு சோழிங்கநல்லூரில் வேலை, நீயும் கூடவே வருகிறாய் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் "மேல் மாடி வீடு, வாடகை குறைவு, முடித்துவிடலாம் என்று இருக்கிறோம்" என்று எழுதியிருக்கிறாயே, அதற்குத்தான் இந்த அவசரக் கடிதம்.

வாடகையை மட்டும் பார்த்து முடிக்காதே. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டாயா?

இந்தக் கோடையில் எங்கள் குடியிருப்பில் லாரித் தண்ணீர் வாங்கவே இல்லை. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று எனக்குத் துடிப்பாக இருக்கிறது. 2019-இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, அப்போது நீ தஞ்சாவூரிலிருந்து போன் போட்டுக் கேலி செய்தாய். அந்த வருஷம் லாரிக்கு முன்பதிவு செய்துவிட்டு நாள்கணக்கில் காத்துக் கிடந்தோம். அதற்கப்புறமும் ஒவ்வொரு சித்திரைக்கும் லாரிதான், பராமரிப்புக் கட்டணத்தில் பெரும் பகுதி அதற்கே போகும்.

மழைநீர் சேகரிப்பு 2003-லேயே எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாகிவிட்டது. எங்கள் கட்டடத்திலும் குழாய் இருந்தது, குழியும் இருந்தது. போன புரட்டாசியில் கீழ்வீட்டு மாமா மூடியைப் பெயர்த்துக் காட்டினார். உள்ளே ஜல்லியே தெரியவில்லை. சேறு இறுகிப்போய், அதன்மேல் வேப்பிலைச் சருகும் ஒரு பெயிண்ட் டப்பாவும் கிடந்தன. மொட்டை மாடியில் விழும் மழையெல்லாம் குழியில் நிரம்பி வழிந்து தெருவுக்கு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. பின்பக்கம் சிலாப் போட்டு மூடிய பழைய கிணறு ஒன்றும் இருந்தது, துணி துவைக்கும் மேடையாக!

வீட்டுக்கு வீடு கொஞ்சம் பணம் போட்டோம். குழியைச் சுத்தம் செய்து, அடியில் பெரிய ஜல்லி, நடுவில் கூழாங்கல், மேலே மணல் என்று நிரப்பினோம். அதில் வடிகிற தண்ணீரைக் கிணற்றுக்குத் திருப்பினோம். குழாயில் ஒரு வால்வு வைத்திருக்கிறோம். முதல் மழை மாடித் தூசியையும் காக்காய் எச்சத்தையும் கழுவிக்கொண்டு வருமே, அதை வெளியே விட்டுவிட்டு அப்புறம்தான் கிணற்றுக்கு விடுவோம். ஐப்பசி மழையில் நான் தினமும் போய்க் கிணற்றை எட்டிப் பார்ப்பேன். கார்த்திகை முடிவதற்குள் கைப்பிடிச் சுவரிலிருந்து குனிந்தால் என் முகம் தெரிகிற அளவுக்குத் தண்ணீர். போர்வெல் தண்ணீரிலும் உப்பு குறைந்திருக்கிறது. பக்கெட்டில் வெள்ளைப் படிவு முன்போல ஒட்டுவதில்லை.

நீ கணக்கு டீச்சர், நீயே போட்டுப் பார். சென்னையில் வருஷத்துக்குச் சுமார் 1400 மில்லிமீட்டர் மழை. ஒரு கிரவுண்ட், அதாவது 2400 சதுர அடி மாடியில் மட்டும் மூன்று லட்சம் லிட்டர் விழுகிறது. கொஞ்சம் வீணானாலும் 12,000 லிட்டர் லாரி இருபது வரும். இருபது லாரித் தண்ணீரைத் தெருவில் விட்டுவிட்டு, காசு கொடுத்து லாரியைக் கூப்பிடுகிறோம்!

காசு மட்டும் என்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். லாரிக்காரர்கள் நிரப்பிக்கொண்டு வருவது எங்கே? புறநகரைத் தாண்டிய ஊர்களில், வயலுக்குப் பாய வேண்டிய கிணறுகளிலும் போர்களிலும். இங்கே நான் பாத்திரம் கழுவ, அங்கே ஒருத்தருடைய கிணறு இறங்குகிறது. நீயும் நானும் ஆற்றுப்பாசனத்தில் வளர்ந்தவர்கள், மேட்டூர் திறக்காத வருஷம் வீட்டில் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். அதை நினைத்தால் மனசு ஆறவில்லை.

சரி, கரண்டுக்கு வருகிறேன். அந்த வீட்டுக்குத் தனி மீட்டர் இருக்கிறதா என்று பார். இல்லாவிட்டால் வீட்டுக்காரர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று தானாக ஒரு ரேட் போடுவார்; அரசு தரும் இலவச யூனிட் உனக்கு வந்து சேராது. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் தாண்டக் கூடாது, அதுதான் எல்லைக்கோடு. ஒரு யூனிட் தாண்டினாலும் சலுகை போய், பில் எகிறிவிடும். மாதக் கடைசியில் ஒருமுறை மீட்டரைப் பார்த்துக் குறித்து வை.

உன் பழைய ஃபேன்களை லாரியில் ஏற்றிக்கொண்டு வராதே. அவை 75 வாட் இழுக்கும், இப்போதைய பி.எல்.டி.சி. ஃபேனுக்கு 30 வாட் போதும். நாளுக்குப் பதினைந்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஒரு ஃபேனுக்கே நாற்பது யூனிட் மிச்சம். விலை கூடத்தான், ஆனால் நீ கணக்கு டீச்சர், மறுபடியும் சொல்ல வேண்டாம். குமரன் ஏ.சி.யை 18-இல் வைத்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிற ஆள். 26-இல் வைத்து ஃபேனையும் மெதுவாகப் போடச் சொல். மேல் மாடி என்பதால் தளத்துக்கு வெள்ளைப் பூச்சு அடித்துத் தரச் சொல்லி வீட்டுக்காரரிடம் இப்போதே கேள். அட்வான்ஸ் கைக்குப் போனபின் கேட்டால் நடக்காது.

மற்றதெல்லாம் நீ ஏற்கெனவே செய்கிறவள்தான். பருப்பை ஊறவைத்துக் குக்கரில் போடுவது, பழைய பேப்பரைக் கட்டிவைத்து எடைக்குப் போடுவது, மஞ்சப்பை, இதையெல்லாம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆர்.ஓ. போட்டால் அது வெளியே தள்ளும் தண்ணீரை ஒரு பக்கெட்டில் பிடித்து வீடு துடைக்க வைத்துக்கொள். காய்த்தோலை மட்டும் குப்பைக்காரரிடம் கொடுக்காதே. காற்று திரும்பினால் பெருங்குடிக் குப்பைமேட்டு நெடி எங்கள் ஜன்னல்வரை வருகிறது. ஓட்டை போட்ட மண்தொட்டியில் காய்த்தோலும் காய்ந்த சருகும் மாற்றி மாற்றிப் போட்டு, கொஞ்சம் புளித்த மோர் தெளித்தால் போதும். என் கறிவேப்பிலைச் செடிக்கு உரம் வாங்கியே வெகுநாளாகிறது. கடைகண்ணிக்கு ஆட்டோ வேண்டாம். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021-லிருந்து பெண்களான நமக்குக் கட்டணமே கிடையாது.

வீடு பார்க்க அடுத்த வாரம் வருவதாக எழுதியிருக்கிறாய். என்னைக் கூட்டிக்கொள்ளாமல் அட்வான்ஸ் கொடுத்தால் உன்னோடு பேச மாட்டேன். மழைக்குழாய் எங்கே போய் விழுகிறது, கிணறு இருக்கிறதா, போர் எத்தனை அடி, போன மே மாதம் எத்தனை லாரி வாங்கினார்கள் என்று அங்கே குடியிருக்கிறவர்களிடம் நானே கேட்கிறேன். ராஜியையும் வரச் சொல்லியிருக்கிறேன். அவள் பேரம் பேசினால் வாடகையும் குறையும்.

ரயில் எத்தனை மணிக்கு என்று எழுது.

அன்புடன்,
விஜயா