நான் வியாபாரி இல்லை, வீடு காலி செய்கிறவள்: ஆன்லைன் சந்தைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

விற்பனையாளர் பிரிவில் இருக்கும் ஐயா, அம்மா எல்லாருக்கும் வணக்கம்.

உங்கள் கம்பெனியின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் "தங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம், ஆர்டர் நம்பரைத் தனிச்செய்தியில் அனுப்பவும்" என்று ஒரு பதில் வரும், கதை அதோடு முடியும். புகார் நம்பர் என்னிடம் ஏற்கெனவே ஐந்து இருக்கிறது. ஐந்தும் "தீர்க்கப்பட்டது" என்று மூடியாகிவிட்டது. என்ன தீர்ந்தது என்று எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். போன மாதம் 9ஆம் தேதியிலிருந்து என் கணக்கு "தனிநபர்" கணக்கு இல்லை, "வணிக விற்பனையாளர்" கணக்கு. மாற்றுங்கள் என்று நான் கேட்கவில்லை. "அன்புள்ள பார்ட்னர்" என்று ஆரம்பித்து ஒரு மெயில் வந்தது. முப்பது நாளில் பத்துக்கு மேல் விற்றுவிட்டேனாம், அதனால் நான் தொழில் செய்கிறேன் என்று உங்கள் சிஸ்டம் கருதுகிறதாம், ஏழு நாளில் ஜிஎஸ்டி எண் தர வேண்டுமாம், தராத வரைக்கும் எனக்கு வரவேண்டிய 6,140 ரூபாய் நிறுத்திவைக்கப்படுமாம். லாபத்தில் பங்கு தராத பார்ட்னர்ஷிப்பை இப்போதுதான் பார்க்கிறேன்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. வீட்டுச் சாமானை விற்கிறவளை வியாபாரி என்று எழுதாதீர்கள். அந்தக் கணக்கைத் திரும்ப மாற்றுங்கள், பணத்தை விடுங்கள். அவ்வளவுதான்.

செம்பூரில் எங்கள் கட்டடம் ரீடெவலப்மென்டுக்குப் போகிறது. மும்பைக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம்; மற்றவர்களுக்கு, பழைய கட்டடத்தை இடித்து பில்டர் புதிதாகக் கட்டுவார், அதுவரை வெளியே இருக்க வாடகை தருவார். 38 வருஷம் இருந்த வீடு. பில்டர் தரும் வாடகைக்குக் கிடைத்தது கோவண்டி பக்கம் ஒரு சின்ன ஒன் பெட்ரூம், அதில் பரண் கிடையாது. பரண் இல்லாத வீட்டுக்கு, பரண் நிறைய சாமான் இருக்கும் வீட்டிலிருந்து போகிறவர்கள் என்ன செய்வார்கள்? விற்பார்கள். அம்மாவின் சீர்ப் பாத்திரம், உருளி, தவலை, தையல் மெஷின், பையன் தொடாமல் போட்டிருந்த கீபோர்டு, பழைய ரேடியோ, என் வீட்டுக்காரரின் கேமரா. கொலு பொம்மையை மட்டும் விற்கக்கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள், அது நான்கு பெட்டியாக மாட்டுங்காவில் தெரிந்த ஒரு பெண் வீட்டுக்குப் போய்விட்டது. மீதியில் பதினான்கு சாமான் ஐந்து வாரத்தில் உங்கள் சந்தையில் விற்றது.

உங்கள் சிஸ்டத்துக்கு இந்த வேகம்தான் சந்தேகம். ஆனால் ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள், வீடு காலி செய்கிறவள் ஐந்து வாரத்தில்தான் விற்பாள், வருஷத்துக்கு இரண்டு என்று இருபது வருஷத்துக்குப் பிரித்தா விற்க முடியும்? வியாபாரி என்றால் விற்றதும் திரும்ப வாங்குவான், சரக்கு நிரப்புவான். நான் விற்க விற்க வீடு காலியாகிக்கொண்டே வருகிறது. ஒரே ஒரு முறை யாராவது மனிதர் என் பட்டியலைப் பார்த்திருந்தால் புரிந்திருக்கும். எந்த வியாபாரி ஒரு தவலை, ஒரு கீபோர்டு, ஒரு தையல் மெஷின் என்று கடை போடுவான்?

இப்போது அந்த வெண்கலப் பானை.

1969இல் அம்மாவின் கல்யாணத்தில் வந்தது. மூன்றரைக் கிலோ. ஐம்பது பொங்கலுக்கு மேல் பார்த்த பானை. அம்மாவுக்கு இப்போது அதைத் தூக்கவே முடியாது, எனக்கும் மணிக்கட்டு வலி, சரி, யாராவது பொங்கல் வைக்கிறவர்கள் கையில் போகட்டும் என்று மனசைத் தேற்றிக்கொண்டு 2,400 ரூபாய் போட்டேன். விவரத்தில் "பழையது, ஐம்பது வருஷத்துக்கு மேல் புழங்கியது, அடியில் கரி உண்டு" என்று ஒளிக்காமல் எழுதினேன். நாசிக்கில் ஒருவர் வாங்கினார். பழைய புடவை இரண்டைச் சுற்றி, மேலே தெர்மாகோல் வைத்து, உங்கள் ஆள் வந்து எடுத்துப்போகிற வரைக்கும் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன்.

பில்லைப் பார்த்தேன். கமிஷன் 12 சதவீதம், 288 ரூபாய். நிலைக்கட்டணம் 45. எடைக்கு ஏற்ற அனுப்புகூலி 186. இந்த மூன்றுக்கும் சேர்த்து 18 சதவீதம் ஜிஎஸ்டி, 93 ரூபாய் 42 பைசா. ஆக 612 ரூபாய் 42 பைசா போய், எனக்கு 1,787 ரூபாய் 58 பைசா. கால் பங்குக்கு மேல் போய்விட்டது. கடைக்காரனுக்கு இது செலவு, அவன் விலையில் ஏற்றிவிடுவான். நான் எதில் ஏற்றுவேன்? சரி, போகட்டும், நாசிக் வரைக்கும் தூக்கிக்கொண்டு போகிறார்களே என்று விட்டேன்.

எட்டாம் நாள் பானை திரும்பி வந்தது. காரணம் என்ன போட்டிருந்தது தெரியுமா? "பொருள் பயன்படுத்தப்பட்டதுபோல் தெரிகிறது." ஐம்பது வருஷம் புழங்கியது என்று எழுதி விற்ற பானை, புழங்கியதுபோல் தெரிகிறதாம். நீங்கள் ரிட்டர்னை ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள், என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. புடவையைக் காணோம், தெர்மாகோலைக் காணோம். அட்டைப்பெட்டிக்குள் பானை மட்டும் லொட லொட என்று வந்தது. அம்மா விரல் மடக்கித் தட்டிப் பார்த்தாள். வெண்கலம் தட்டினால் கணீர் என்று தெருக்கோடி வரைக்கும் கேட்கும். இது பொத்தென்றது. விளிம்பிலிருந்து ஒரு விரல் நீளத்துக்கு விரிசல். அம்மா ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய்ப் படுத்துவிட்டாள்.

அன்றைக்கு ராத்திரியே கணக்கில் புதுப் பில். கமிஷனைப் பெருந்தன்மையோடு திருப்பித் தந்துவிட்டீர்கள். போன கூலி 186, வந்த கூலி 186, நிலைக்கட்டணம் 45, அதற்கு ஜிஎஸ்டி 75 ரூபாய் 6 பைசா. மொத்தம் மைனஸ் 492 ரூபாய் 6 பைசா. அதாவது என் பானையை உடைத்து என் வீட்டில் கொண்டுவந்து வைத்ததற்கு நான் உங்களுக்குக் கடன்காரி. "வணிக விற்பனையாளர்களுக்கு ரிட்டர்ன் செலவு அவர்களுடையது" என்று ஒரு விதியைக் காட்டினீர்கள். அதனால்தான் சொல்கிறேன், இது வெறும் பெயர் விஷயம் இல்லை. அந்த ஒரு பெயரை மாற்றியதும் செலவு முழுக்க என் தலையில் விழுகிறது.

எங்கள் ஊர்த் தெருவில் ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்று கூவிக்கொண்டு ஒருவர் வருவார். அவரையும் எல்லாரும் ஏமாற்றுக்காரர் என்றுதான் சொல்வார்கள். ஆனால் அவர் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு பழமாவது கொடுத்தார். பழத்தைக் கொடுத்துவிட்டு எட்டாம் நாள் வந்து, பாத்திரம் நசுங்கியிருக்கிறது, பழத்தையும் கொடு, தள்ளுவண்டிக் கூலியும் கொடு என்று கேட்டதாக எனக்கு நினைவில்லை.

ஜிஎஸ்டி எண் கேட்கிறீர்கள். தெரிந்த ஒரு ஆடிட்டரிடம் கேட்டேன், அவர் சிரித்தார். ஜிஎஸ்டி சட்டத்தின் 7ஆம் பிரிவு தொழிலின் போக்கில் நடக்கிற விற்பனையைப் பற்றித்தான் பேசுகிறது, சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்ததை விற்பது அதில் எங்கே வருகிறது என்று கேட்டார். தொழிலே என்று வைத்துக்கொண்டாலும், மகாராஷ்டிரத்தில் பொருள் விற்கிறவருக்கு வரம்பு வருஷத்துக்கு 40 லட்சம், நான் விற்றது மொத்தமாக இருபதாயிரத்தைத் தொடவில்லை. ஆன்லைனில் விற்றால் வரம்பே கிடையாது, முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும் என்று முன்னால் இருந்தது உண்மைதான், ஆனால் அதை 2023 அக்டோபர் 1 முதல் தளர்த்திவிட்டார்கள். வரம்புக்குள் விற்கிறவருக்கு ஜிஎஸ்டி பதிவு வேண்டாம், பான் எண் கொடுத்து ஒரு சேர்க்கை எண் வாங்கிக்கொண்டால் போதும். முக்கியமான நிபந்தனை, சொந்த மாநிலத்துக்குள் மட்டும்தான் விற்கலாம். இந்த வழி இருப்பதாக உங்கள் மெயிலில் ஒரு வரி கூட இல்லை.

(அந்த நிபந்தனையும் எங்களைப் போன்றவர்களுக்கு வாய்த்த வாய்ப்புத்தான். மும்பைத் தமிழர் வீட்டு உருளியைத் தேடி வாங்குகிறவர் கோயம்புத்தூரில் இருப்பாரா, மகாராஷ்டிரத்துக் கோலாப்பூரில் இருப்பாரா? கோவையிலிருந்து ஒரு அம்மா உருளி கேட்டு எழுதினார். கணக்கு மாறிய பிறகு அவருடைய பின்கோடைப் போட்டால் "இந்த இடத்துக்கு விற்க இயலாது" என்று வருகிறது. இது உங்களிடம் சொல்ல வேண்டிய புகார் இல்லை, டெல்லிக்குச் சொல்ல வேண்டியது. வாய் தவறி வந்துவிட்டது.)

நீங்கள் சொல்கிறபடி ஜிஎஸ்டி எண்ணே வாங்கிவிட்டேன் என்று வையுங்கள். அப்புறம் ஒன்றுமே விற்காவிட்டாலும் வரிக்கணக்கு ரிட்டர்ன் போட வேண்டும், மறந்தால் பூஜ்ய ரிட்டர்னுக்கே நாளுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம். பதிவை ரத்து செய்தால் அதற்குக் கடைசி ரிட்டர்ன் என்று தனியாக ஒன்று. ஒரு தவலையை விற்கப்போய் இத்தனையும். வேடிக்கை என்னவென்றால் சட்டத்தில் "கேஷுவல்", அதாவது எப்போதாவது விற்கிறவர், என்றே ஒரு வகை உண்டு. ஆஹா நமக்கென்றே எழுதியிருக்கிறார்கள் என்று படித்தால், அது வேறு மாநிலத்துக்குப் போய்க் கண்காட்சியில் கடை போடுகிற வியாபாரிக்கு. 90 நாள் பதிவு, வரியை முன்கூட்டியே கட்ட வேண்டும். வீட்டைக் காலி செய்கிறவளுக்கு அந்தப் புத்தகத்தில் பெயரே இல்லை போலிருக்கிறது.

ஆனால் இன்னொரு புத்தகத்தில் இருக்கிறது. 2020ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின் ஆரம்பத்திலேயே, ஒரு தனிநபர் தன் சொந்த அளவில், வாடிக்கையான தொழிலாக இல்லாமல் செய்கிற காரியத்துக்கு இந்த விதிகள் பொருந்தாது என்று எழுதியிருக்கிறது. நீங்களோ அதே விதிகளைக் காட்டித்தான் என் பெயர், போன் நம்பர், வீட்டு விலாசம், பிளாட் நம்பர் உட்பட, விற்பனைப் பக்கத்தில் எல்லாரும் பார்க்கப் போட்டிருக்கிறீர்கள். "குறைதீர்ப்பு அதிகாரி" பெயரையும் நிரப்பச் சொன்னீர்கள். எங்கள் வீட்டில் குறை சொல்வதற்கு ஆள் உண்டு, தீர்ப்பதற்கு யாரும் இல்லை, அதனால் அந்தக் கட்டத்தை நிரப்பவில்லை. போன வியாழக்கிழமை பகல் இரண்டு மணிக்கு யாரோ இரண்டு பேர் "குடோன் எங்கே" என்று கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள். வீட்டில் 78 வயது அம்மா மட்டும். வாட்ச்மேன் மேலே வந்ததால் போனார்கள். இதைப் பற்றி நான் அனுப்பிய புகார்தான் ஐந்தாவது.

உங்கள் பக்கமும் எனக்குப் புரியாமல் இல்லை. வியாபாரிகள் வீட்டுக்காரர் வேஷம் போட்டு, வரியும் கட்டாமல், திருப்பிய சாமானையும் எடுத்துக்கொள்ளாமல் விற்கிறார்கள், அவர்களைப் பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் பிடிப்பதற்கு வேறு இடங்களில் கோடு போட்டிருக்கிறார்களே. ஐரோப்பிய ஒன்றியத்தில் வருஷத்துக்கு 30 விற்பனைக்குக் குறைவாகவும் 2,000 யூரோவுக்கு மேல் போகாமலும் இருந்தால், அந்த ஆளின் விவரத்தைச் சந்தைக்காரர் வரித்துறைக்கு அனுப்ப வேண்டியதே இல்லை. ஈபே என்ற அமெரிக்க ஆன்லைன் சந்தை 2023 மார்ச்சில் ஜெர்மனியிலும் 2024 அக்டோபரில் பிரிட்டனிலும், வாகனம் தவிர்த்து, வீட்டுச் சாமான் விற்கிற தனிநபர்களுக்கு விற்பனைக் கட்டணத்தையே எடுத்துவிட்டது. இந்த ஊரிலேயே ஒரு காலத்தில் பாஸி.காம் என்ற ஆன்லைன் சந்தை இருந்தது. 2000இல் மும்பையில் ஆரம்பித்தது, 2004இல் ஈபே வாங்கியது. என் வீட்டுக்காரர் அதில் பழைய கேசட்டெல்லாம் விற்றார், அவரை யாரும் வியாபாரி என்று சொன்னதில்லை. 2018இல் ஈபே இந்தியா மூடியதிலிருந்து நமக்கு இரண்டே வழி. ஒன்று, ஆளுக்கு ஆள் நேரடியாகப் பேசி விற்கிற சிறு விளம்பரத் தளம். அங்கே போட்ட அரை மணி நேரத்தில் "நான் ராணுவத்தில் இருக்கிறேன், க்யூஆர் கோடு அனுப்புகிறேன், ஸ்கேன் செய்தால் பணம் வரும்" என்று ஒரு மோசடிக்காரர் கூப்பிடுவார். இன்னொன்று நீங்கள். அந்த ராணுவக்காரருக்குப் பயந்துதான் உங்களிடம் வந்தேன்.

கோபத்தில் கொஞ்சம் நீளமாகிவிட்டது, மன்னியுங்கள். மரியாதையாகவே கேட்கிறேன். வீட்டுச் சாமானை விற்கிறவளை வியாபாரி என்று எழுதாதீர்கள். எனக்கு மட்டும் இல்லை, இந்த வருஷம் செம்பூரில் மட்டுமே எத்தனை கட்டடம் காலியாகிறது என்று எட்டிப் பாருங்கள், எல்லாப் பரணும் உங்களிடம்தான் வரப்போகிறது. கணக்கை மாற்றுவதற்கு முன் ஒரு மனிதர் பட்டியலைப் பார்க்கட்டும். பழையது என்று எழுதி விற்றதைப் பழையது என்பதற்காகத் திருப்பினால் கூலி என் தலையில் வேண்டாம். அந்த 492 ரூபாய் 6 பைசாவை நீக்கி, 6,140 ரூபாயை அனுப்புங்கள். பானைக்கு நஷ்டஈடு கேட்கவில்லை. அதற்கு விலை போடுகிற நிலையில் அம்மா இல்லை.

இன்னொன்று, இது கொஞ்சம் அவசரம். 31ஆம் தேதி காலை டெம்போ வருகிறது. அதற்கு அடுத்த வாரம் தண்ணீரும் கரண்டும் துண்டிக்கிறார்கள், பிறகு இடிப்பு. என் பெயருக்குக் கீழே நீங்கள் ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருக்கும் விலாசத்தில் கட்டடமே இருக்காது. அதையாவது அதற்குள் எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
செம்பூரிலிருந்து, உங்கள் பார்ட்னர்