புடு ஜெயில் வாசல் மேடை செட் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோலாலம்பூரில் புடு ஜெயில் இருந்த இடத்தில் பாட்டுக் கச்சேரியா என்று என் வயதுக்காரர்கள் சிலர் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அதில் குறை ஒன்றும் தெரியவில்லை. போன மாதம் பேத்தியோடு அங்கே இருக்கும் ஜெப் கோலாலம்பூர் அரங்கத்துக்குப் போயிருந்தேன். 2,000 பேருக்கு மேல் கொள்ளும் கூடம். சத்தம்தான் காதைப் பிளந்தது, மற்றபடி நன்றாகவே இருந்தது. திரும்பும்போது அந்தப் பழைய ஜெயில் வாசலைக் காட்டி, "தாத்தா, இது ஷோவுக்குப் போட்ட செட்டா?" என்று கேட்டாளே, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மினி பஸ் ஓடிய காலத்தில் நான் கண்டக்டர். அந்த ஜெயில் மதிலை ஒட்டித்தான் எங்கள் பஸ் போகும். மதில் நெடுகக் கைதிகளே வரைந்த ஓவியம்: மரமும் செடியும் தண்ணீருமாகப் பச்சைப்பசேலென்று இருக்கும். "ஜெயில்! ஜெயில்!" என்று நான் கத்தினால் ஒருவரும் எழ மாட்டார்கள். உள்ளே இருக்கும் மகனையோ புருஷனையோ பார்க்க வந்த பெண்கள், பையை மடியில் இறுக்கிக்கொண்டு அடுத்த ஸ்டாப் வரை போய், இறங்கித் திரும்பி நடப்பார்கள். அப்புறம் கத்துவதை விட்டுவிட்டேன். இடம் வந்ததும் கம்பியில் காசால் தட்டுவேன். டிரைவர் நிறுத்துவார், வேண்டியவர்கள் இறங்கிக்கொள்வார்கள்.

வெள்ளைக்காரன் 1895இல் கட்டி முடித்த சிறை அது. 1942இல் ஜப்பான்காரன் பிடித்த பிரிட்டிஷ், ஆஸ்திரேலியச் சிப்பாய்கள் அங்கே அடைபட்டுக் கிடந்தார்கள். இன்று அதே மண்ணில் லாலாபோர்ட் பேரங்காடியும் ஜப்பான் கம்பெனிப் பெயர், அரங்கமும் ஜப்பான் கம்பெனிப் பெயர்! பேர்போன கொள்ளைக்காரன் போத்தாக் சின்னைத் தூக்கிலிட்டதும் அங்கேதான், 1981இல். 1996இல் சிறையை மூடினார்கள். 2010 ஜூனில் சாலையை அகலப்படுத்த மதிலை இடித்தபோது ஓவியமும் போனது.

இடித்ததை இனிக் கட்ட முடியாது, சரி. ஆனால் அரங்கத்தில் திரை இருக்கிறதே. நிகழ்ச்சி தொடங்கக் காத்திருக்கும் நேரத்தில் இரண்டு நிமிடம் அந்த மதிலையும் ஓவியத்தையும் காட்டி, நான்கு வரி தமிழிலும் போடட்டும். நம் தமிழ் நிகழ்ச்சி ஏற்பாட்டாளர்களே முதலில் செய்து காட்டலாம். இன்றைய டிக்கெட் விலைக்கு இதைக் கேட்பது அதிகமில்லை. மதிலுக்கு முன் நின்று எடுத்த படங்கள் பழைய ஆல்பங்களில் இருக்கும். கேட்டால் வாசகர்கள் கொடுப்பார்கள்.

இப்படிக்கு,
முன்னாள் மினி பஸ் கண்டக்டர்,
செந்தூல், கோலாலம்பூர்