குன்றின் அடிவாரத்தில் பூட்டிக் கிடக்கும் கழிப்பறையைத் திறந்துவிடக் கோரும் மனு

அனுப்புநர்:
வரலாற்று ஆசிரியை மற்றும் மாணவியரின் பெற்றோர்

பெறுநர்:
உயர்திரு பராமரிப்பு அலுவலர் அவர்கள்,
பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்கள் பிரிவு

பொருள்: சமணத் துறவிகள் தங்கிய கற்படுகைகள் உள்ள குன்றின் அடிவாரத்தில் பார்வையாளர்களுக்காகக் கட்டப்பட்ட கழிப்பறையைத் திறந்து, தண்ணீர் வசதியுடன் பயன்பாட்டிற்குக் கொண்டுவர வேண்டுதல் – நான்காவது மனு – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இக்குன்றைப் பற்றித் தங்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை. நீல நிற அறிவிப்புப் பலகையும் அதை ஒட்டிய ஒற்றை வேப்பமரமும் படிக்கட்டு தொடங்கும் இடத்தில் உள்ள இரும்புக் கிராதியும் தாங்கள் ஆய்வுக்கு வரும்போதெல்லாம் பார்த்தவைதான். கிராதிக்கு இடப்புறம் பழுப்பு வண்ணம் பூசிய சிறிய கட்டடத்தையும் தாங்கள் பார்த்திருப்பீர்கள். அதைப் பற்றித்தான் இந்த மனு.

1. இதே கோரிக்கையை முதலில் நேரில் வந்து தங்கள் அலுவலகத்தில் கொடுத்தோம். இரண்டாவது மனுவைப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். ஒப்புகை அட்டை கையெழுத்துடன் திரும்பி வந்து எங்களிடம் இருக்கிறது. மூன்றாவது மனுவை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் அளித்தோம்; அது தங்கள் அலுவலகத்திற்கே அனுப்பப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. மூன்றுக்கும் எழுத்துப்பூர்வமான பதில் இதுவரை இல்லை.

2. அக்கட்டடத்தில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி அறைகள் உள்ளன. கூரைமேல் தண்ணீர்த் தொட்டி உள்ளது. ஆனால் தொட்டிக்குக் குழாய் இணைப்பு இல்லை. பெண்கள் பக்கக் கதவில் தொங்கும் பூட்டு துருவேறி, அதன் சாவித் துளையில் குளவி மண் அப்பிக் கூடு கட்டியிருக்கிறது. சாவி அலுவலகத்தில் இருப்பதாகக் காவலர் சொல்கிறார். அது காவலரிடம் இருப்பதாக அலுவலகத்தில் சொல்கிறார்கள்.

3. இதனால் ஏற்படும் துன்பம் என்னவென்பதைத் தாங்கள் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறோம். கடந்த மாசி மாதம் ஏழாம், எட்டாம் வகுப்பு மாணவியர் நாற்பத்தாறு பேரை இக்குன்றுக்கு அழைத்து வந்தோம். மத்தியப் பாதுகாப்பில் உள்ள சின்னங்களைப் பார்க்கப் பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை என்பது ஏழைப் பிள்ளைகள் படிக்கும் எங்கள் பள்ளிக்குப் பெரிய உதவி. அதற்கு நன்றி சொல்லியே இதை எழுதுகிறோம். காலை ஏழரை மணிக்குப் பேருந்து ஏறிய பிள்ளைகள் குன்றின் அடிக்கு வந்து சேரப் பத்தரை ஆயிற்று. திரும்பி வீடு போய்ச் சேர மாலை ஐந்து மணி ஆகும். இடையில் அவர்கள் ஒதுங்குவதற்கு ஒரு மறைவிடம் இல்லை. சுற்றிலும் வெட்டவெளிப் பாறை; அந்தப் பக்கம் சாலை, இந்தப் பக்கம் கல்குவாரிக்குப் போகும் லாரிப் பாதை.

இது முந்தைய ஆண்டு வந்துபோன மாணவியர் வழியாகப் பிள்ளைகளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. ஆகவே அவர்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்கவில்லை. எங்களிடம் ஒருவரும் சொல்லவும் இல்லை. இருநூறுக்குக் குறையாத படிகளை உச்சி வெயிலில் ஏறி, படுகைகள் இருக்கும் குகைத்தளத்தை எட்டுவதற்குச் சில படிகளே இருந்தபோது எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி மயங்கிச் சரிந்தாள். முகத்தில் தெளிப்பதற்கு அவள் பையிலிருந்தே தண்ணீர்ப் புட்டியை எடுத்தோம். காலையில் அவள் தாய் நிரப்பிக் கொடுத்த தண்ணீர் கழுத்துவரை அப்படியே இருந்தது. ஒரு மிடறுகூட அவள் குடித்திருக்கவில்லை. பிறகு மற்ற பிள்ளைகளின் பைகளைத் திறந்து பார்த்தோம். ஒவ்வொரு புட்டியும் நிறைந்தே இருந்தது, ஐயா.

அந்த மாணவிதான் வகுப்பில் தமிழ்ப் பிராமி எழுத்துகளை முதலில் கற்றுக்கொண்டவள். கரும்பலகையில் தன் பெயரையும் தன் தம்பியின் பெயரையும் அவ்வெழுத்திலேயே எழுதிக் காட்டியவள். ஈராயிரம் ஆண்டுகளாகப் பாறையில் இருக்கும் வரியைத் தானே எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டும் என்று ஒரு மாதமாகக் காத்திருந்தவள். அதைப் பார்க்காமலேயே அவளைத் தோளில் தாங்கிக் கீழே இறக்கினோம். அதே நாளில் வேறொரு மாணவிக்கு மாதவிலக்கு வந்துவிட்டது. நான்கு பிள்ளைகள் தாவணியை விரித்து மறைத்து நிற்க, பூட்டிய கழிப்பறையின் சுவரோரமே, ஆம், அந்தப் பூட்டிய கதவுக்கு நான்கடி தள்ளி, அவள் உடை மாற்ற வேண்டியதாயிற்று. லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவளுடைய தந்தை இனி எந்தச் சுற்றுலாவுக்கும் மகளை அனுப்பப் போவதில்லை என்று எங்களிடம் சொல்லிவிட்டார். அவருக்குப் பதில் சொல்ல எங்களிடம் வார்த்தை இல்லை. தாங்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

4. நேரில் கேட்டபோது, சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் எதுவும் கட்ட இயலாது என்று வாய்மொழியாகச் சொல்லப்பட்டது. 1958-ஆம் ஆண்டின் தொன்மைச் சின்னங்கள் சட்டத்தில் 2010-இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி முதல் 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி என்பதையும், அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி என்பதையும் நாங்கள் அறிவோம். வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுக்கிறோம். அந்தச் சட்டம் வேண்டும் என்பதே எங்கள் எண்ணமும். ஆனால் நாங்கள் கேட்பது புதுக் கட்டடம் அன்று. அரசுப் பணத்தில் ஏற்கெனவே கட்டி முடித்து நிற்கும் கட்டடத்தின் கதவைத் திறக்க வேண்டும் என்றுதான் கேட்கிறோம்.

5. கழிப்பறை பூட்டியிருப்பதால் வரும் ஆண்கள் எங்கே போகிறார்கள் என்பதையும் தாங்கள் ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும். கல்வெட்டு உள்ள பாறையின் பின்புறத்துக்குத்தான் போகிறார்கள். அங்கே மூக்கைப் பொத்தாமல் நிற்க முடிவதில்லை. சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டுமே என்று சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டம் காக்க நினைக்கும் பாறையே, ஒரு பூட்டின் காரணமாக நாள்தோறும் இழிவுபடுகிறது.

6. மாமல்லபுரம் 1984-இலும், தஞ்சைப் பெரிய கோயில் 1987-இலும், கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் 2004-இலும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. 2025-இல் செஞ்சிக் கோட்டையும் அதில் சேர்ந்தபோது எங்கள் பள்ளியில் பிள்ளைகள் கைதட்டினார்கள். எங்கள் குன்றையும் அப்பட்டியலில் சேர்க்கும்படி நாங்கள் கேட்கவில்லை. விளக்கு அலங்காரம் கேட்கவில்லை, ஒலி ஒளிக் காட்சி கேட்கவில்லை, உணவகம் கேட்கவில்லை. நமது பண்பாட்டின் வளமான மரபை மதித்துப் பேணுவது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்று அரசமைப்புச் சட்டத்தின் 51அ பிரிவு சொல்கிறது. அந்தக் கடமையைச் செய்ய வரும் பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளை தாகத்தை அடக்கிக்கொண்டுதான் வர வேண்டுமா? பையன்கள் ஏறிப் பார்த்துவிட்டு வந்து சொல்வதைக் கேட்டுக்கொண்டு அவள் வீட்டிலேயே இருந்துவிட வேண்டுமா? மூன்று மனுக்கள் கொடுத்தும் ஒரு சாவி எங்கே இருக்கிறது என்பதைக்கூட எங்களால் தெரிந்துகொள்ள முடியவில்லையே!

7. கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருள வேண்டும். பூட்டைத் திறந்துவிடுங்கள், ஐயா. சாவி கிடைக்கவில்லை என்றால் பூட்டை உடைக்க உத்தரவிடுங்கள். புதுப் பூட்டும் சாவியும் நாங்களே வாங்கித் தருகிறோம். தொட்டிக்குக் குழாய் இணைப்பு கிடைக்கும்வரை குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றவும் பெற்றோர் ஆயத்தமாக இருக்கிறார்கள். வரும் நவம்பர் 19 முதல் 25 வரை உலகப் பாரம்பரிய வாரம். முதல் நாளன்றே அதே பிள்ளைகளை மீண்டும் அழைத்து வருவதாக வாக்களித்திருக்கிறோம். மயங்கி விழுந்த மாணவி இப்போதே தன் குறிப்பேட்டில் எழுத்துகளை எழுதிப் பழகிக்கொண்டிருக்கிறாள். அதற்கு முன்பாகக் கழிப்பறையைத் திறந்துவிட்டு, திறந்தாயிற்று என்று ஒரு வரியேனும் எழுத்தில் தெரிவிக்குமாறு தங்களை மிகவும் பணிந்து வேண்டுகிறோம். அந்த ஒரு வரியை மகளை அனுப்ப மறுக்கும் அந்தத் தந்தையிடம் நாங்கள் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வரலாற்று ஆசிரியை மற்றும் மாணவியரின் பெற்றோர்

இணைப்பு: முந்தைய மூன்று மனுக்களின் நகல்கள், ஒப்புகை அட்டையின் நகல், பூட்டிய கதவின் நிழற்படம், நாற்பத்தைந்து மாணவியரின் பெற்றோர் கையெழுத்துகள். நாற்பத்தாறாவது பெற்றோர் கையெழுத்திட மறுத்துவிட்டார்.