அவனா, அவளா?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அம்மா இப்போது கைத்தடி இல்லாமல் நடக்கிறார்கள் என்று படித்ததும் மனசுக்கு நிம்மதியாக இருந்தது. நான் விசாரித்ததாகச் சொல்.

நான் லத்தீன் படிக்கத் தொடங்கி நாலு மாதம் ஆகிறது. சின்னப் பத்திகளை மொழிபெயர்த்துப் பழகுகிறேன். முதலில் ஆங்கிலத்தில் எழுதி, அப்புறம்தான் தமிழுக்குக் கொண்டுவருவேன். ஒருநாள் ஆங்கிலத்தை விட்டுவிட்டு நேராகத் தமிழில் எழுதிப் பார்த்தேன். பாதிப் பாரம் இறங்கிவிட்டது. 'நௌத புயெல்லம் விதெத்', மாலுமி சிறுமியைப் பார்க்கிறான். 'புயெல்லம்' கடைசியில் வரும் அந்த 'அம்'தான் 'சிறுமியை' என்பதில் வரும் நம்முடைய 'ஐ'. சொற்களை எப்படி இடம் மாற்றினாலும் பார்ப்பவன் மாலுமிதான்.

இன்னொன்று. 'வெனித்' என்றால் வருகிறான், 'வேனித்' என்றால் வந்தான். வித்தியாசம் குறிலும் நெடிலும் மட்டும்தான். லத்தீன் எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பாடப்புத்தகத்தில் நெடிலுக்கு மேலே கோடு போடுவார்கள், மற்ற இடங்களில் பெரும்பாலும் அதுவும் இராது. அதனால் என் நோட்டில் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி வைக்கிறேன். நம் எகரமும் ஏகாரமும் இதற்கென்றே செய்தவை போல இருக்கின்றன.

எல்லாம் இப்படிச் சுலபமில்லை. போன வாரப் பயிற்சியில் ஒரு வரி: 'எபிஸ்துலம் லெகித் எத் ஃப்ளெத்.' கடிதத்தைப் படிக்கிறார், அழுகிறார். யார்? லத்தீன் வினைமுற்று தன்மை, முன்னிலை, படர்க்கை என்று இடத்தைச் சொல்லும், ஆண் பெண் சொல்லாது. தமிழிலோ, மரியாதைக்கு 'ஆர்' போட்டால் தவிர, 'ஆன்', 'ஆள்' போடாமல் இப்படி ஒரு வாக்கியம் முடியாது. முந்தைய வரியில் ஒரு போர்வீரன் வந்திருந்தான், அதனால் 'அழுகிறான்' என்று எழுதிவிட்டேன். மூன்று வரி தள்ளி 'சோல' என்று வந்தது. தனியாக இருப்பவள் என்று பொருள். ஆண் என்றால் 'சோலுஸ்' என்று இருந்திருக்கும். அழுதது அவனுடைய தாய். அந்த ஒரு அகரத்தைப் பார்த்ததும் அந்தக் காட்சி முழுக்க மாறிவிட்டது. எழுதியதை அடித்துவிட்டு, 'அழுகிறாள்' என்று மெதுவாக எழுதினேன்.

இப்போதெல்லாம் பத்தி முழுவதையும் இரண்டு தரம் படித்த பிறகுதான் பேனாவை எடுக்கிறேன்.

உனக்கும் ஒரு வரி தருகிறேன்: 'அமீகுஸ் அமீகோ எபிஸ்துலம் மித்தித்.' நண்பன் நண்பனுக்குக் கடிதம் அனுப்புகிறான். நாலு சொல்லும் நம் வரிசையிலேயே நிற்கின்றன பார். சீக்கிரம் பதில் போடு.

அன்புடன்,
உன் பழைய தோழன்