லைனில் நிற்கும் வண்டி: ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த தங்கச்சிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கச்சிக்கு,

சேர்ந்த முதல் நாளே போனில் "அண்ணா" என்று கூப்பிட்டாய். அந்த உரிமையில் நீ என்றே எழுதுகிறேன். போன செவ்வாய்க்கிழமை ராத்திரி பதினொன்றரை மணிக்குக் கூப்பிட்டு, "அண்ணா, வண்டி மூணு மணி நேரமா ஒரே இடத்துல நிக்குதே, என்னாச்சு?" என்று கேட்டாய். "லைன்லதான்மா இருக்கேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். துறைமுக கேட்டுக்குள் போகக் கன்டெய்னர் லாரிகள் காத்து நிற்கும் வரிசையைத்தான் லைன் என்போம். முன்னால் இருந்த வண்டி நகர்ந்துவிட்டது, அதற்கு மேல் பேச முடியவில்லை. நீ கேட்டதில் தப்பே இல்லை. ஆனால் அதற்குப் போனில் பதில் சொல்லி முடிக்க முடியாது. உன்னைப் போல ஜிபிஎஸ் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற மற்ற பிள்ளைகளும் படிக்கட்டும் என்றுதான் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி எழுதுகிறேன்.

அந்த மூன்று மணி நேரத்தில் நான் இருந்தது எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில். திருவொற்றியூர் தாண்டி, துறைமுகத்தைப் பார்த்த மாதிரி. இடது பக்கம் கடலரிப்புக்குக் கொட்டிய கருங்கல், அதற்கு அந்தப் பக்கம் கடல். முன்னாலும் டிரெய்லர், பின்னாலும் டிரெய்லர். இன்ஜினை அணைத்துவிட வேண்டும். லோடு வண்டி லிட்டருக்கு மூன்று, மூன்றரை கிலோமீட்டர்தான் கொடுக்கும். நின்ற இடத்தில் ஓடவிட்டால் மாசக் கடைசியில் டீசல் கணக்கு இடிக்கும். கண்ணாடியை ஏற்றினால் வேர்வை, இறக்கினால் கொசு. 2025 அக்டோபரிலிருந்து தயாராகும் லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம் என்று சட்டம் வந்திருக்கிறது. நான் ஓட்டுவது அதற்கு ரொம்ப முந்தைய வண்டி.

சும்மாதானே நிற்கிறது, கொஞ்சம் படுக்கலாமே என்று தோன்றும். முன் வண்டி இருபது அடி நகர்ந்தால் நானும் உடனே இருபது அடி நகர வேண்டும். அசந்தால் பக்கத்திலிருந்து ஒருவர் முன்னால் நுழைந்துவிடுவார், அவர் பின்னாலேயே இன்னும் நாலு பேர். முன்பெல்லாம் கூட ஒரு கிளீனர் இருப்பார், மாற்றி மாற்றிக் கண்ணை மூடலாம். இப்போது தனி ஆள்தான். ஒன்றுக்குப் போக வேண்டும் என்றால்கூட பின் வண்டிக்காரரிடம் சொல்லிவிட்டு ஓட வேண்டும். முன் வண்டி பிரேக்கை விடும்போது "புஸ்" என்று காற்று போகும் சத்தம் கேட்கும். எவ்வளவு அசதியில் தலை சாய்ந்திருந்தாலும் அந்தச் சத்தத்துக்கு முழிப்பு வந்துவிடும். ஊருக்குப் போனால், காலையில் அடுப்படியில் குக்கர் விசில் அடித்தால் எழுந்து உட்கார்ந்து கையை நீட்டி கியரைத் தேடுகிறேன். என் மனைவி அதைப் பார்த்துவிட்டு ஒரு நாள் அழுதுவிட்டாள்.

திரையில் நிற்கிற அந்தப் புள்ளி சும்மா நிற்கவில்லை, தங்கச்சி. அதற்குள் ஒரு ஆள் வேலை செய்துகொண்டிருக்கிறான். ஓட்டுவதைவிடக் கஷ்டமான வேலை அதுதான். ஆனால் அதை வேலையாக யாரும் எண்ணுவதில்லை. மாசச் சம்பளம் கொஞ்சம், மீதி டிரிப்புக்கு இவ்வளவு என்று படி. ஒரு டிரிப்பு எட்டு மணி நேரத்தில் முடிந்தாலும் அதே படி, முப்பது மணி நேரம் இழுத்தாலும் அதே படி. கம்பெனியில் கன்டெய்னர் பெட்டியை இறக்காமல் வண்டியைப் போட்டுவைத்தால் ஹால்டிங் என்று பில் போகிறதே, அந்த பில்லை நீதான் போடுவாய். அதில் டிரைவருக்கு என்ன வருகிறது என்று ஒரு தடவை கணக்கைப் பார்.

தொழிற்சங்கத்தில் இருக்கும் பெரியவர் ஒருவர் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்தை எங்களுக்குப் படித்துக் காட்டினார். 1961-ல் வந்து, 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த சட்டம். ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 என்று அதில் இருந்தது. அதோடு "வேலை நேரம்" என்றால் என்ன என்பதற்கும் ஒரு விளக்கம். வண்டி ஓடும் நேரம், அதைச் சேர்ந்த மற்ற வேலைகள், அப்புறம் முனையத்தில் வெறுமனே காத்திருக்கும் நேரம், அதுவும் 15 நிமிஷத்துக்குள் இருந்தால். அதைக் கேட்டதும் அங்கே இருந்த யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அதை எழுதியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் திறந்ததே 1983-ல்தான். ராத்திரி முழுக்க ஒரு கேட்டைப் பார்த்துக்கொண்டு ஒருவன் நிற்பான் என்று 1961-ல் யாருக்குத் தோன்றியிருக்கும்?

சரி, ஓட்டுவதற்கு முன்னால் என்ன நடக்கிறது என்பதையும் சொல்கிறேன், நீ யார்டு பக்கம் வந்ததில்லை. எக்ஸ்போர்ட் லோடு என்றால் முதலில் மாதவரம், மணலி பக்கம், காலிப் பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கும் எம்ப்டி யார்டில் பெட்டி எடுக்க வேண்டும். எடுத்ததும் வண்டியை விரட்டிக்கொண்டு போய்விடுவதில்லை. நான் பெட்டிக்குள் ஏறுவேன். யார்டில் இருக்கும் ஒரு பையனைக் கதவை வெளியே இருந்து சாத்தச் சொல்வேன். உள்ளே கும்மிருட்டு. மதியமாக இருந்தால் தகரம் அனலாகக் கொதிக்கும், போன லோடின் வாசனை மூக்கில் ஏறும். சில பெட்டியில் மிளகாய் நெடி, சிலதில் ரப்பர் வாடை. கண் இருட்டுக்குப் பழகும் வரை அசையாமல் நின்று, மேலே, சுவர், மூலை என்று ஒவ்வொரு இடமாகப் பார்க்க வேண்டும். எங்கேயாவது ஊசி முனை அளவுக்கு வெளிச்சம் தெரிந்தால் அங்கே ஓட்டை. அந்த வழியாகத்தான் நடுக்கடலில் மழைத் தண்ணீர் இறங்கும். ஒரு தடவை கூரையில் நட்சத்திரம் மாதிரி மூன்று புள்ளி தெரிந்தது. பெட்டியை மாற்றித் தரச் சொல்லி இரண்டு மணி நேரம் மல்லுக்கு நின்றேன். அன்றைக்கு ஏற்ற இருந்தது தோல் செருப்பு. அந்த இரண்டு மணி நேரமும் ஆபீஸ் திரையில் வண்டி நின்றதாகத்தான் காட்டியிருக்கும்.

ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ லோடு ஏற்றி, கதவை மூடி சீல் போட்டுவிட்டால், உள்ளே எப்படி அடுக்கியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. எடை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறதா என்பதை முதல் திருப்பத்தில் வண்டிதான் சொல்லும். சீல் நம்பரும் பேப்பர் நம்பரும் ஒன்றுதானா என்று பார்த்துவிட்டு, நாலு மூலையிலும் பெட்டியை வண்டியோடு பிடித்து வைக்கும் லாக்கைக் கையால் பிடித்து இழுத்துப் பார்ப்பேன். ஒரு லாக் விழாமல் இருந்தாலும் திருப்பத்தில் முப்பது டன் பெட்டி எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது. காலிப் பெட்டியிலும் பயம் உண்டு, பாலத்தின் மேல் காற்று அடிக்கும்போது தெரியும்.

உன் கையில் இருக்கும் ஒரு விஷயத்தைக் கேட்டுக்கொள்கிறேன். பெட்டி நம்பரில் நாலு எழுத்தும் ஏழு எண்ணும் இருக்கும். கடைசி எண்ணைத் தனியாகக் கட்டம் கட்டிப் போட்டிருப்பார்கள். அது முன்னால் இருக்கும் பத்தையும் வைத்துக் கணக்குப் போட்டு வருகிற எண். ஒரு இலக்கம் மாறினால் பெரும்பாலும் அது ஒத்துவராது. சில வருஷத்துக்கு முன் வேறொரு இடத்தில் வேலை செய்தபோது, பெட்டியைத் துறைமுகத்துக்குள் விடுவதற்கான பேப்பரான ஃபார்ம் 13-ல் 6-க்குப் பதிலாக 9 அடித்து அனுப்பிவிட்டார்கள். ராத்திரி முழுக்க லைனில் நகர்ந்து நகர்ந்து கேட்டுக்குப் போனால், இது வேறு பெட்டி என்று வண்டியை ஓரம் கட்டச் சொல்லிவிட்டார்கள். ஆபீஸில் யாரும் போனை எடுக்கவில்லை. திருத்திய பேப்பர் வரும்போது நன்றாக விடிந்துவிட்டது. கப்பலுக்குப் பெட்டி வாங்கும் கடைசி நேரமான கட்-ஆஃப் முடிந்து, பெட்டி அந்தக் கப்பலுக்கு ஏறவில்லை. கடைசியில் லேட் பண்ணியது டிரைவர் என்று படியில் பிடித்தார்கள். அடித்தது யார் என்று யாரும் கேட்கவில்லை. நீ அடிக்கும்போது அந்தக் கட்டத்துக்குள் இருக்கும் எண் முன்னால் இருக்கும் பத்தோடு ஒத்துவருகிறதா என்று மட்டும் ஒரு முறை சரிபார்த்துவிடு. துறைமுகத்தின் பெயரையும் பார். சென்னையா, எண்ணூரா, காட்டுப்பள்ளியா என்பது மாறினால் வண்டியைத் திருப்பக்கூட அந்த ரோட்டில் இடம் கிடைக்காது.

அப்புறம் போன். இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதத்தான் வேண்டும். நாற்பது அடி வண்டி இடது பக்கம் திரும்பும்போது, முன் சக்கரம் போன தடத்தில் பின் சக்கரம் வராது. உள்ளே வெட்டிக்கொண்டு வரும். அந்த நேரத்தில் இடது பக்கம் நிற்கிற பைக் கண்ணாடியில் பாதிதான் தெரியும். மணலியில் ஒரு திருப்பத்தில் அப்படித் திரும்பிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அரை மணி நேரத்தில் நாலாவது தடவை, ஆபீஸ் நம்பர். ஒரு நொடி கண் போனுக்குப் போய்த் திரும்பியது. திரும்பிப் பார்த்தால் கண்ணாடியில் ஒரு ஸ்கூட்டர். ஒரு அம்மா, முன்னால் நின்றுகொண்டு ஒரு பெண் குழந்தை, தோளில் மஞ்சள் பை. பிரேக்கை மிதித்துவிட்டேன். அந்த அம்மா காலை ஊன்றி அப்படியே நின்றுவிட்டார், என்னைத் திட்டக்கூட இல்லை. பின் சக்கரத்துக்கும் ஸ்கூட்டருக்கும் நடுவில் ஒரு முழம் இருந்திருக்கும். அன்றைக்கு மீதி வழியை எப்படி ஓட்டினேன் என்று எனக்கு நினைவில்லை. அந்த மஞ்சள் பை மட்டும் இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது.

வண்டி ஓடுவது உன் திரையில் தெரிகிறது அல்லவா? ஓடும்போது கூப்பிடாதே அம்மா. நின்றதும் கூப்பிடு, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுகிறேன். மேலே இருந்து உன்னைக் கேட்டு நெருக்குகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். "டிரைவர் லைனில் இருக்கிறார், நின்றதும் கேட்டுச் சொல்கிறேன்" என்று அவர்களிடம் சொல்லிப் பழகு.

நான் டிரெய்லர் ஓட்ட வந்தது 2009-ல். அந்த ஜனவரியில்தான் துறைமுகத்திலிருந்து மதுரவாயலுக்குப் பறக்கும் சாலை என்று அடிக்கல் நாட்டினார்கள். 2012-ல் வேலை நின்றது. கூவத்தில் நட்ட தூண்களைப் பல வருஷம் பார்த்துக்கொண்டே போயிருக்கிறேன். 2022-ல் ஈரடுக்குச் சாலையாக மறுபடியும் அடிக்கல். வந்தால் நல்லது, வரட்டும். ஆனால் நம் ஆபீஸுக்கும் என் கேபினுக்கும் நடுவில் ஆக வேண்டியதற்கு எந்தத் தூணும் வேண்டாம். டிரிப் ஷீட்டில் "லைனில் நின்ற நேரம்" என்று ஒரு கட்டம் போட்டு, நான் சொல்லும் மணியை அதில் எழுதி வை. இப்போதைக்குப் படி கூடாவிட்டாலும் பரவாயில்லை. மாசக் கடைசியில் அதைக் கூட்டி முதலாளி மேஜையில் வை, அவர் பார்க்கட்டும்.

நாளைக்குக் காலை ஐந்து மணிக்கு யார்டில் நாற்பது அடி எம்ப்டி எடுக்கிறேன். உள்ளே ஏறிப் பார்த்துவிட்டு, பெட்டி நம்பரைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புகிறேன். பார்த்து அடிம்மா. கேட் தாண்டியதும் நானே கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
அண்ணன்